முன்வாசலில் ஒரு வாங்கு

திருகோணமலைக் கடைத்தெரு முதலாளிமாருக்கு,

வணக்கம். நானாமாருக்கு ஸலாம். சிங்கள முதலாளிமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், உங்கள் கடைப் பெடியன்கள் வாசித்துச் சொல்லட்டும்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். கையில் ஒரு வெட்டுத்துண்டோடு வந்து, “இதுக்கு லைனிங் மெச்சாகுமா பாருங்கோ” என்று நாலு ரோலை இறக்க வைத்துவிட்டு, கடைசியில் முக்கால் மீற்றர் மட்டும் வாங்கிப் போகிற பாலையூற்றுத் தையல்காரி நான்தான். இருபத்திரண்டு வருடமாக மத்திய வீதிக்கும் வடகரை வீதிக்கும் நடக்கிறேன். எந்தக் கடைக் கொளுக்கி ஒரு தோய்ச்சலில் கறுக்கும், எங்கே வாங்கின நூல் சாயம் விடும், எந்த நானா பூட்டுகிற நேரத்தில் போனால் பத்து இருபது குறைப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறினபோது நீங்கள் பட்ட பாட்டையும் பார்த்தவள். கரண்ட் இல்லாத கடைக்குள் கைபேசி வெளிச்சத்தில் நிறம் பார்த்துத் துணி வாங்கி, வீட்டுக்கு வந்து விரித்தால் நாவல் நிறம் கத்தரிப்பூ நிறமாக இருக்கும். அப்போதும் மாற்றித் தந்தீர்கள். அந்த உரிமையில், உங்கள் கடை வாசலில் ஒரு வாங்கு, சனம் இருக்கிற ஒரு நீளப் பலகை ஆசனம், கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கொழும்பில் ஒரு பகல் முழுக்கத் திரிய வேண்டி வந்தது. மகளுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு நேர்முகம். அம்மாவை வீட்டில் தனியே விட ஆளில்லை, அவவையும் கூட்டிக்கொண்டு மூன்று தலைமுறையும் இரவு ரயிலில் ஏறினோம். விடியமுன் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, முகம் கழுவி, சேலை மாற்றி, எட்டரைக்கெல்லாம் அலுவலக வாசலில் நின்றோம். அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்துவிட்டது. திரும்ப ரயில் இரவுதான். எழுபத்திரண்டு வயது அம்மா, முழங்கால் வருத்தக்காரி. பத்தொன்பது வயது மகள், கொழும்பின் பெரிய கடைகளைக் கைபேசியில் மட்டும் பார்த்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். சரி, போவோம் என்று ஓட்டோ பிடித்தோம்.

முதலில் போனது காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கிற வண் கோல்ஃபேஸ் மோலுக்கு. 2019இல் திறந்தது. முன்பு இராணுவத் தலைமையகம் இருந்த காணி அது. அம்மா ஓட்டோவால் இறங்கி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “உந்தப் பக்கத்தால போகேக்க தலையைக் குனிஞ்சுகொண்டு போன காலமும் இருந்தது பிள்ளை” என்றா. இப்போது அதே இடத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது, உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் அடிக்கிறது. அம்மா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டா. கோவிலுக்குள் போகிற மாதிரியும் இருந்தது, ஆஸ்பத்திரிக்குள் போகிற மாதிரியும் இருந்தது.

எஸ்கலேட்டர் அம்மாவுக்குப் பயம். படி ஓடுகிறது, ஓடுகிற படியில் எப்படிக் கால் வைப்பது என்று சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டா. மகள் தூக்காத குறையாக இழுத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. அங்கே நின்ற காவலாளி லிஃப்ட் இருக்கிற பக்கத்தைக் கையால் காட்டினார். மேலே போய் இறங்கினதும் அம்மாவின் கண்ணில் பட்டது உடுப்புமில்லை, நகையுமில்லை. நடைபாதையின் நடுவில், கண்ணாடித் தடுப்பை ஒட்டினாற்போல், இருக்கிறதற்கு ஒரு இருக்கை. விடுவிடென்று போய் இருந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, “நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்” என்றா.

முதலாளிமாரே, நான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தது அந்த ஒரு வசனத்துக்காகத்தான்.

ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் அம்மா அதில் இருந்தா. யாரும் எழுப்பவில்லை. என்ன வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு முஸ்லிம் ஆச்சியும் இருந்தாவாம், மருமகள் கடைக்குள் நிற்க, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் நாங்கள் திரும்பி வரமுன் சீனிவருத்தக் குளிசையின் நிறம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். கழிவறை இரண்டு தரம் போனாவாம். காசில்லை, வழுக்கவில்லை, தண்ணீர் வந்தது. இதை எங்களுக்குச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தை என்னென்று சொல்ல! கொழும்பில் என்ன பார்த்தாய் என்று இப்போது யார் கேட்டாலும் அவ முதலில் சொல்லுவது அந்தக் கழிவறையைத்தான். மகளுக்கு வெட்கம்.

அந்த ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் நானும் மகளும் என்ன செய்தோம்? கடை பார்த்தோம். ஆறுதலாகப் பார்த்தோம். அம்மா வெயிலில் நிற்கிறாவே, கால் கடுக்குமே என்ற நினைப்பு இல்லாமல் ஒரு கடைக்குள் நின்றது எனக்கு எத்தனை வருடத்துக்குப் பிறகோ தெரியாது.

தையல்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம். உடுப்பைப் பார்த்தால் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு கடையில், பெயர் வேண்டாம், ஒரு பருத்தி மேற்சட்டை தொங்கியது. விலைச்சீட்டில் 14,900 ரூபா. உள்ளே புரட்டினேன். ஒற்றைத் தையல், அதன்மேல் ஒரு ஓவர்லொக். தையலுக்கு வெளியே கால் இஞ்சித் துணிகூட விடவில்லை. ஒரு சுற்றுப் பருத்தால் பிரித்து விட வழியே கிடையாது, தங்கச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். அக்குளில் சதுரத் துண்டு இல்லை, கையைத் தூக்கினால் இழுக்கும். நான் ஒரு சாறிச் சட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு இஞ்சி உள்ளே விட்டுத் தைக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே சட்டையைக் கொண்டுவந்து, “அக்கா, ஒரு தையல் பிரிச்சு விடுங்கோ” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் வாங்குகிற கூலியை இங்கே எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அந்தக் கடையில் வேலைசெய்கிற பிள்ளை எனக்குப் பின்னாலேயே வந்து, நான் புரட்டின உடுப்பை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டு நின்றாள். அவளில் பிழையில்லை. உள்பக்கம் பார்க்கிற வாடிக்கையாளர் அங்கே வருவதில்லைப் போல.

சாமானைப் பொறுத்தமட்டில் எங்கள் கடைத்தெரு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். வேட்டியாகட்டும் வாயிலாகட்டும், கையால் நசுக்கிப் பார்த்து வாங்க விடுகிறீர்கள். காசு குறைந்தால் கொப்பியில் எழுதுகிறீர்கள். புது வருடத்துக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைத் துணியைத் தைத்துக் கொடுக்க முடியாமல் நான் படுக்கையில் கிடந்த ஒரு ஜனவரியில், பொத்தான் பைக்கற்றை வீட்டுக்கே கொடுத்தனுப்பினவர் உங்களில் ஒருவர். இப்படியொன்று கொழும்பில் எந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலும் நடக்காது. ஆனபடியால் எங்கள் ஊருக்கும் ஒரு மோல் வேண்டும், நாலு மாடி வேண்டும், ஓடுகிற படி வேண்டும் என்று தேத்தண்ணிக் கடையில் பேசுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு வாங்கு.

பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் காலிமுகத்திடலுக்கு வந்துவிட்டோம். மேலே ஒரு கோப்பை கோப்பி 950 ரூபா என்று எழுதியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னதும், அம்மா தன் பையிலிருந்த இடியப்பப் பார்சலை அணைத்துக்கொண்டா. அதை அந்த மினுக்கிய தரையில் வைத்து அவிழ்க்க அவவுக்கே மனம் வரவில்லை. கடற்காற்றில், தடுப்புச் சுவரோடு இருந்து, சம்பலோடு சாப்பிட்டோம். மகள் இறால் வடை வாங்கி வந்தாள். அந்தத் திடலில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிற ஆளுநர்களைக் கேட்டு அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மகள் வாசித்து மொழிபெயர்த்தாள். வெள்ளைக்காரன் எந்தப் பெண்களை மனதில் வைத்து எழுதினானோ, நிச்சயமாக என் பாட்டியை வைத்து எழுதியிருக்கமாட்டான். ஆனால் நூற்றறுபது வருடத்துக்குப் பிறகு அதில் குந்தியிருந்து இடியப்பம் தின்றது நாங்கள்தான்.

பின்னேரம் கோட்டைப் பக்கம் நடந்தோம். பழைய டச்சு ஆஸ்பத்திரியைக் கடைத்தொகுதியாக்கி 2011இல் திறந்தார்கள் அல்லவா, அதைப் பார்க்க மகளுக்கு ஆசை. ஒல்லாந்தர் காலத்து நோயாளிகள் கிடந்த கட்டடம், பிற்காலத்தில் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. இப்போது உள்முற்றத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகளும் உடுப்புக் கடைகளும். சுதந்திரச் சதுக்கப் பக்கத்திலும் இப்படித்தான், மனநோயாளருக்கென்று வெள்ளைக்காரன் கட்டின கட்டடம் கணக்காய்வாளர் நாயகம் திணைக்களமாகி, 2014இல் கடைத்தொகுதியாகிவிட்டது. அதற்குப் போக நேரம் கிடைக்கவில்லை. டச்சு ஆஸ்பத்திரியில் கடைகளைவிட எனக்குப் பிடித்தது அந்த நீளத் தாழ்வாரம். தடித்த சுவர், மரக் கைமரம், ஓட்டுக் கூரை, வெயில் உள்ளே வராத சாய்ப்பு. யோர்க் வீதியில் 1906இல் கட்டின சிவப்புக் காகில்ஸ் கட்டடமும் அப்படித்தான். கடைக்கு முன்னால் தூண் வைத்து, மேல்மாடியை இழுத்து, கீழே சனம் நிழலில் நடக்க வழி விட்டிருக்கிறார்கள். சாமான் வாங்காதவனும் அதற்குக் கீழே நடக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். பெரிய காணி விலை போகிற இடத்தில் பத்தடி அகலத்தைத் தெருவில் போகிறவனுக்கு விட்ட முதலாளி முட்டாளா? அவனுக்குத் தெரியும், மழைக்கு ஒதுங்குகிறவன் கண்ணாடிக்குள்ளே பார்க்காமல் இருக்கமாட்டான்.

அங்கே நிற்கும்போது அம்மா சொன்னா, “இது எங்கட கடைத்தெருவிலயும் இருந்ததுதானே.”

இருந்தது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். துணிக்கடை என்றால் முன்னால் ஓடு போட்ட விறாந்தை, விறாந்தையில் சுவரோடு ஒரு நீள வாங்கு. வாங்கின் நடுப்பகுதி சனம் இருந்து இருந்து பள்ளமாகி, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். அம்மா அதில் இருப்பா. கடைக்காரர் துணியை வெளியே கொண்டுவந்து விரித்துக் காட்டுவார், பகல் வெளிச்சத்தில் நிறம் பிசகாது. ஒரு செம்பில் தண்ணீர் வரும். ஊர்ப் புதினம் முழுக்க அந்த வாங்கில்தான். மூதூரிலிருந்து, தம்பலகாமத்திலிருந்து, குச்சவெளியிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் பொட்டணியை வாங்குக்குக் கீழே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வருவார்கள். பார்த்துக்கொள்ளுங்கோ என்று யாரையும் கேட்கிறதுமில்லை.

அந்த வாங்குகள் எங்கே போயின? சண்டைக்காலத்தில் நாலு பேர் ஓரிடத்தில் இருந்தாலே சந்தேகம், அப்போது சில உள்ளே போனது எனக்குத் தெரியும். பிறகு இரும்புச் சட்டர் வந்தது. விறாந்தையையும் சேர்த்து இழுத்துப் பூட்டினால் கடை எட்டடி பெருக்கும் என்று எல்லோரும் கண்டுபிடித்தீர்கள். பிறகு பொம்மைகள் வந்தன. இப்போது விறாந்தை இருந்த இடத்தில் வரிசைக்குப் பொம்மை நிற்கிறது, தலையில்லாமல், சல்வார் போட்டுக்கொண்டு. அதற்கு முன்னால், நடைபாதையில், சலுகை விலை உடுப்புக் குவித்த மேசை. அதற்கும் முன்னால் மோட்டார் சைக்கிள். மனிசர் நடப்பது வாகனத்தோடு வாகனமாகத் தெருவில். சித்திரை வைகாசியில் தார் கொதிக்கும், கச்சான் காற்று அடிக்கிற நாளில் நெருப்பை வாரி முகத்தில் எறிந்த மாதிரி இருக்கும். கோட்டையடி மானுக்குக்கூட நிழலில் படுக்க விடுகிற ஊர் எங்களுடையது. பஸ் நிலையத்துப் பக்கம் மான் படுத்திருந்தால் சனம் விலகித்தானே போகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்க, அம்மாவும் நானும் வந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. பகல் பன்னிரண்டு மணி. ஒரு கடை வாசலில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. வேறு வழியில்லாமல் படியில் இருந்துவிட்டா. உள்ளேயிருந்து ஒரு பெடியன் வந்தான், இருபது வயது இருக்கும். “ஆச்சி, வாசலை மறைக்காதீங்கோ, சனம் வாற நேரம்.” மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது. அவன் கெட்டவனில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னான். அம்மா எழும்பி, பொம்மையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அந்தப் பொம்மைக்கு இருந்த இடம்கூட அவவுக்கு இல்லை என்று நான் நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. அன்றைக்கு வாங்க வந்த பதினெட்டுச் சட்டைக்கான துணியில் ஆறுக்குத்தான் வாங்கினேன். மிச்சத்தைப் பிறகு வேறு ஊரிலிருந்து எடுப்பித்தேன். எந்தக் கடை என்று எழுதமாட்டேன், வாசித்தால் அவர்களுக்கே தெரியும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு எந்தக் கடை வாசலாக இருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பில் அந்த மோல்காரன் தர்மத்துக்கு இருக்கை போடவில்லை. அம்மா இருந்தால் மகள் நிற்பாள், மகள் நின்றால் இன்னும் இரண்டு கடை ஏறுவாள். நாங்களே 14,900க்கு மசியாவிட்டாலும், மகளுக்கு ஒரு கைப்பையும் எனக்கு ஒரு நல்ல கத்தரிக்கோலும் வாங்கித்தான் வெளியே வந்தோம். எங்கள் கடைத்தெருவில் என்ன நடக்கிறது? பதினைந்தாவது நிமிடத்தில் அம்மா “வா பிள்ளை போவம், கால் ஏலாது” என்பா. பட்டியலில் எட்டுச் சாமான் இருக்கும், மூன்றோடு ஓட்டோ ஏறுவோம். இப்படி எத்தனை வீட்டு அம்மாமார், எத்தனை கர்ப்பிணிப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள்.

கழிவறை விசயத்தை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். காலை பஸ்ஸில் கிண்ணியாவிலிருந்தும் சம்பூரிலிருந்தும் வருகிற பெண்கள் வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். கடைத்தெருவில் போக இடமில்லை என்று தெரிந்து, வாயைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் தைக்க வந்து, முதல் வேலையாக “அக்கா, உங்கட பாத்ரூம் எங்க” என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? உங்கள் கடைக்குள் நிற்கிற பிள்ளைகளை ஒரு நாள் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள், நாளுக்கு எத்தனை தரம் தண்ணீர் குடிக்கிறாய் என்று.

அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரைக்கும் நிற்கிறார்கள். சனம் இல்லாத மத்தியானத்திலும் நிற்கிறார்கள், இருந்தால் சோம்பேறி என்று பெயர். கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவிலும் இப்படித்தான் இருந்தது. அங்கே தையல் வேலை செய்த விஜி என்ற பெண் கடைப் பிள்ளைகளைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்புத் தொடங்கினா. முதலில் கேட்டது கழிவறை. ‘தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள்’ என்ற பதிலைக் கேட்டுத்தான் எழும்பினார்களாம். அடுத்தது, வேலை நேரத்தில் ஆசனத்தில் இருக்கிற உரிமை. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு ஆசனம் வைக்க வேண்டும் என்று எழுதியது. 2021இல் தமிழ்நாட்டிலும் அதே திருத்தம் வந்தது. உங்கள் காஞ்சிபுரமும் ஆரணியும் வருகிற ஊரிலேயே விற்கிற பிள்ளைக்கு ஸ்ரூல் போட்டாயிற்று. நாங்கள் சேலையை மட்டும் இறக்குகிறோம். ஒரு தையல்காரி தொடங்கின வேலை என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மைதான்.

நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்றும் தெரியும். வாங்கு போட்டால் வாடிக்கையாளர் இருக்கமாட்டார்கள், குடிகாரன் வந்து படுப்பான், பெடியன்கள் கைபேசியோடு குவிவார்கள், வெற்றிலை துப்புவார்கள். நடக்கும். முதல் மாதம் நிச்சயம் நடக்கும். அம்மா வாங்கில் இருந்த காலத்திலும் வெற்றிலை துப்பினார்கள், கடைக்காரர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். குடிகாரன் இப்போது உங்கள் படியில் படுக்காமலா இருக்கிறான்? ஒரு ஆச்சி இருக்கிற வாங்கில் அவன் படுக்கமாட்டான், அது எங்கள் ஊர்ப் பழக்கம்.

இடமில்லை என்பீர்கள். கடை வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வாங்கு என்று நான் கேட்கவில்லை. ஐந்து கடைக்கு ஒன்று. ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பொம்மையை உள்ளே எடுத்தால் ஆறடி வாங்குக்கு இடம் வந்துவிடும், நான் நடந்து அளந்துதான் சொல்கிறேன், அளவுநாடா எப்போதும் என் கழுத்தில்தானே. கழிவறைக்கும் அப்படித்தான். உங்கள் கடைகளின் பின்பக்கத்தில் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும், இரண்டு நானாமார் எனக்கு மட்டும் திறப்புத் தந்திருக்கிறார்கள். பழகின முகத்துக்குத் தருகிறதை ஐந்து கடை சேர்ந்து எல்லாப் பெண்களுக்கும் தாருங்கள். கழுவுகிற ஆளுக்குச் சம்பளத்தைப் பங்கு போடுங்கள். இருபதோ முப்பதோ ரூபா வாங்கினாலும் யாரும் குறை சொல்லமாட்டோம். மாநகரசபைக்காரர் செய்யட்டும் என்று சொல்லாதீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்களிடம் தனியே கேட்போம். உங்கள் கடை வாசல் உங்களுடையது.

இந்தக் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் நாங்கள் மட்டுமில்லை என்பதையும் யோசியுங்கள். மே தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற வெள்ளைக்காரர் கோணேசர் கோவிலுக்குப் போய்விட்டு, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வியர்வை ஒழுகத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இருக்க இடமிருந்தால் ஒரு சாரமாவது வாங்குவார்கள். என் பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோ ஓடுகிறான், அவன் சொல்லுவது இது.

அப்புறம் ஒரு சின்ன விசயம். இடையில் புகுத்துகிறேன், மறந்துவிடுவேன். கொழும்பில் அந்தப் பகல் முழுக்க அம்மா வாசிக்கக்கூடிய எழுத்தை அவ தேடிக்கொண்டே இருந்தா. பெரிய கடைகளின் பெயர்ப்பலகையெல்லாம் ஆங்கிலம். கழிவறையை, பாவாடை போட்ட படத்தை வைத்துக் கண்டுபிடித்தா. திரும்பி வந்த அன்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஓட்டோவுக்கு நிற்கும்போது ஒவ்வொரு பலகையாக வாய்விட்டு வாசித்தா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. புதிதாகப் பலகை மாற்றுகிறவர்கள் தமிழ் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டு வருகிறீர்கள். அதையும் கொஞ்சம் பாருங்கள்.

அன்று இரவு ரயிலுக்கு முன்னால் புறக்கோட்டைக்கும் ஓடினேன். என் சரக்கு அங்கேதான். சிப்பும் இலாஸ்ரிக்கும் லேஸும் மொத்த விலையில். குறுக்குத்தெருக்களில் நாட்டாமிமார் தள்ளுவண்டியோடு “சைட்டு, சைட்டு” என்று கத்திக்கொண்டு வர, சனம் ஒதுங்க, ஒரு நூல்கடை முதலாளி என் அம்மாவைப் பார்த்தார். நரைத்த மனிசன், தமிழ்தான், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஒன்றும் பேசாமல் கல்லாவுக்குப் பின்னால் தான் இருந்த ஸ்ரூலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, தான் நின்றபடி கணக்குப் போட்டார். அந்தக் கடையின் அகலம் எங்கள் ஓட்டோவின் நீளம்கூட இல்லை. அவரிடம் நான் நினைத்ததற்கு இரண்டு மடங்கு நூல்கட்டை வாங்கினேன். வீட்டில் இன்னும் அடுக்கி வைத்திருக்கிறேன்.

முதல் வாங்கை யார் போடுகிறீர்களோ, அதற்கு மெத்தை உறை நான் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். துணி உங்களிடம் ரோல் கடைசியில் விற்காமல் கிடக்கிறது போதும். தடித்த ஜீன்ஸ் என்றால் நல்லது, ரெக்சின் வெயிலுக்குச் சுடும். நீளம், அகலம், பஞ்சின் தடிப்பு மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, பாலையூற்றுக்கு வருகிற எந்த ஓட்டோத் தம்பியிடமும் கொடுத்தனுப்புங்கள். கழற்றித் தோய்க்க வசதியாகப் பின்பக்கம் சிப் வைத்துவிடுகிறேன். தீபாவளித் தையல் தொடங்க முன்னம் அனுப்பினால் ஒரு கிழமையில் தரலாம், பிந்தினால் தை பிறக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முக்கால் மீற்றர் லைனிங் வாடிக்கையாளர்,
பாலையூற்று, திருகோணமலை